ஆறு மணிக்குள் ஒரு பதில்

இன்ஷாவுக்குப் பத்து வயது. டிசம்பரில் ஜப்பானுக்குப் போய்ப் பனியில் விளையாடப் போவதாக வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருந்த வீட்டில் பசியாறும்போது அத்தாவும் அம்மாவும் சமையலறையில் பேசியது அவள் காதில் விழுந்தது.

“தாதியா ஆகறதுக்குப் படிக்க இடம் கிடைச்சிருச்சு, ஆயிஷா! இன்னிக்கு ஆறு மணிக்குள்ள பதில் அனுப்பணும்,” என்றார் அத்தா.

அத்தா முகமது யூசுப், பிரிண்டர் விற்கும் கம்பெனியில் மேலாளர். நல்ல சம்பளம். மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கும் தாதி வேலைக்கு மாறினால் சில வருடங்களுக்கு அது குறையும்.

“சமாளிச்சிக்கலாம். ஜப்பானுக்குத்தான் போக முடியாது,” என்றார் அம்மா.

“இன்ஷா எவ்வளவு ஆசையா இருக்கா! வேணாம்னே எழுதிடறேன்.”

அப்பாடா என்றிருந்தது இன்ஷாவுக்கு. ஆனாலும் ஏனோ பாதித் தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

மாலையில் அத்தாவோடு லிட்டில் இந்தியாவுக்குப் போனாள். அங்கே ஒரு திடலில், வெளிநாட்டு ஊழியர்களுக்கு இலவச உடல்நலப் பரிசோதனை நடந்தது. மாதம் ஒருமுறை அத்தா அங்கே தொண்டூழியம் செய்வார். பயிற்சி பெற்றிருந்ததால், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது அவர் பொறுப்பு. வரிசை எண் கொடுப்பது இன்ஷாவின் வேலை.

இருபத்தேழாம் எண்காரர் கப்பல் பட்டறையில் வேலை செய்பவர். பெயர் அங்கமுத்து. கதவளவு உயரம். ஊசியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“சீனி டெஸ்டு எல்லாம் வேணாம்ணே. நான் கெளம்பறேன்.”

“சரி, போகலாம். ஊர்ல பிள்ளைங்க இருக்காங்களா?” என்று கேட்டபடியே அத்தா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“ஒரே பொண்ணு. கண்மணின்னு பேரு. பயங்கர வாலு! போன வாரம் ஆட்டுக்குட்டியைப் பள்ளிக்கூடத்துக்கே கூட்டிட்டுப் போயிட்டா.”

“ஆட்டுக்குட்டி என்ன படிச்சுது?”

அங்கமுத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

“முடிஞ்சிருச்சு,” என்றார் அத்தா.

“எப்போ குத்துனீங்க?” அங்கமுத்து தன் விரலையே பார்த்தார்.

இன்ஷாவுக்கும் அதே ஆச்சரியம்தான்!

சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. அத்தா பதறவில்லை. அங்கமுத்துவின் தோளைத் தொட்டு மெதுவாக எடுத்துச் சொன்னார். தானே பக்கத்து மேசை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

திரும்பி வந்த அங்கமுத்து கேட்டார். “அண்ணே, நீங்க எந்த ஆஸ்பத்திரில இருக்கீங்க?”

“நான் தாதி இல்லீங்க. பிரிண்டர் விக்கிறேன்.”

அதைச் சொல்லும்போது அத்தாவின் குரல் சுருங்கிப் போனது. இன்ஷா அதைக் கவனித்தாள். மணி ஐந்தே முக்கால்.

“அத்தா, பதில் அனுப்பிட்டீங்களா?”

“உனக்கு எப்படி... இல்லம்மா, இனிமேதான். வேணாம்னு...”

“வேணும்னு அனுப்புங்க! பனி எங்கேயும் ஓடிப் போகாது லா.”

“வகுப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டியே?”

“கேலி பண்ணுவாங்க. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. சீக்கிரம் அத்தா!”

அத்தா அவளையே பார்த்தார். கைப்பேசியில் அம்மாவை அழைத்தார். “நான்தான் காலையிலேயே சொன்னேனே!” என்று அம்மா சிரிப்பது வெளியே கேட்டது. உடனே கைப்பேசி அணைந்துபோனது. சார்ஜ் இல்லை!

“பவர் பேங்க்! யார்கிட்டயாவது பவர் பேங்க் இருக்கா?” இன்ஷா வரிசை நெடுகக் கத்திக்கொண்டே ஓடினாள்.

“இந்தா பாப்பா!” அங்கமுத்து பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

ஐந்து ஐம்பத்தைந்துக்குத் திரை ஒளிர்ந்தது. அத்தாவின் விரல் நடுங்கியது. கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தார்.

“நிதானமா அத்தா! ஊசி குத்துறப்போ நடுங்கலையே?”

மூன்றாவது தடவை திறந்தது. ‘இடத்தை ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அத்தா அழுத்தினார். ஐந்து ஐம்பத்தெட்டு!

“அத்தா தாதியாகப் போறாங்க!” இன்ஷா துள்ளிக் குதித்தாள். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அங்கமுத்து விசிலே அடித்தார்.

அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுக் கையுறையை மாட்டினார்.

“அடுத்தது யாருங்க? வாங்க, உக்காருங்க!”

இந்தத் தடவை அவர் குரல் திடலின் கடைசிவரை கேட்டது.