நிரலில் இல்லாத வெள்ளம்

அன்றைய நிகழ்ச்சி நிரலில் மாலை ஒரு யானை வருவதாக இருந்தது. மூங்கில் முறியும் ஓசை, லேசாக அதிரும் தரை, புதருக்குள்ளிருந்து ஒரு பிளிறல், அவ்வளவுதான். உண்மையில் யானை எதுவும் கிடையாது. ஓடைக்கரைக் கூடாரங்களுக்குப் பின்னால் புதைத்திருந்த ஒலிப்பான்களை ஜெசிந்தா சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, மேல்மலையிலிருந்து வனக்காவலர் அழைத்தார்.

“மதியத்துலேர்ந்து இங்க பேய்மழைம்மா. ஓடையில மரம் மரமா உருண்டு வருது. உங்க ஆளுகள உடனே மேல ஏத்துங்க.”

ஜெசிந்தா அண்ணாந்து பார்த்தாள். இங்கே வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை.

தேனிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த அந்த முகாமில் அவள் நிகழ்வு வடிவமைப்பாளர். முன்பெல்லாம் முகாம்கள் விருந்தினர் கேட்டதைக் கொடுத்தன. குளிர்சாதனம், வெந்நீர், சினிமாத் திரை என்று எல்லாம் இருந்தது. வந்தவர்கள் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. பிறகு நாடித்துணி வந்தது. கூடாரமாகத் தைக்கப்பட்ட அந்தத் துணி, உள்ளே இருப்பவரின் நெஞ்சுத்துடிப்பையும் மூச்சையும் தூக்கத்தையும் தொடாமலே கேட்டது. கேட்டதையெல்லாம் விழைவி என்ற கணிப்பொறி தொகுத்துப் பார்த்தது. வாய் சொன்னது ஒன்று, நெஞ்சு சொன்னது வேறு. மழையில் ஒழுகிய கூடாரம், வழி தவறிய பிற்பகல், குரங்கு தூக்கிப்போன சோற்றுப்பொட்டலம் ஆகியவற்றுக்குத்தான் மனிதர்கள் ஏங்கினார்கள். ஊருக்குப் போய் அவற்றைத்தான் பேசினார்கள். நீரோசை பக்கத்தில் இருந்தால் நன்றாகத் தூங்கினார்கள் என்பதால், கூடாரங்கள் பருவத்துக்குப் பருவம் ஓடையை நோக்கி இறங்கிக்கொண்டே வந்தன.

ஆகவே இடர்களையும் முகாமே ஏற்பாடு செய்து கொடுத்தது. எல்லா முகாம்களும் அதையே செய்தன. விருந்தினருக்குக் குட்டு தெரிந்து அலுத்துப்போனபோது விழைவி இன்னொன்றைக் கண்டுபிடித்தது. ஊழியர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து, ‘இது எங்க ஏற்பாடு இல்ல, நிஜம்’ என்று சொன்னால், ஏற்பாடு என்று தெரிந்தவர்களின் நெஞ்சும் துள்ளியது. அந்த வசனத்தை எழுதியவள் ஜெசிந்தாதான். குரலில் அழுகை எங்கே தொடங்க வேண்டும் என்று ஊழியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருந்தாள்.

இப்போது அவளே ஓடினாள். முதல் கூடாரத்தின் வாசலில் சென்னையிலிருந்து வந்திருந்த தணிகாசலமும் அவர் மனைவி அபிராமியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், எழுந்திருங்க. மேலேர்ந்து வெள்ளம் வருது. இது எங்க ஏற்பாடு இல்ல, சத்தியமா நிஜம்.”

தணிகாசலம் மனைவியைப் பார்த்துக் கண்சிமிட்டினார். “போன முகாம்ல சிறுத்தை விட்டாங்க. இங்க வெள்ளமாம்.” பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து மெச்சும் குரலில் சொன்னார். “நீ ரொம்ப நல்லா பண்றேம்மா. கண்ணுகூட கலங்கியிருக்கு.”

பக்கத்துக் கூடாரங்களில் இருந்தவர்கள் சிரித்தபடி கேமராக்களை எடுத்தார்கள். ஓடை அதற்குள் நிறம் மாறிவிட்டது. கலங்கிய நீரில் சருகுகள் கும்பல் கும்பலாக வந்தன. சத்தியம் செய்தும், கெஞ்சியும், அழுதும் பயனில்லை என்று ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. எல்லாவற்றையும் அவளே முன்பே செலவழித்திருந்தாள்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேலை முடிகிற நேரத்து அலுவலகக் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

“மன்னிச்சுக்குங்க. கருவி பழுதாயிடுச்சு. இன்னிக்கு எந்த நிகழ்ச்சியும் கிடையாது. மேல சாப்பாட்டுக் கூடத்துல ஒரு சின்ன விளக்கக் கூட்டம், எல்லாரும் வந்துட்டீங்கன்னா முடிச்சுடலாம்.”

முகங்கள் தொங்கிப்போயின. முணுமுணுத்தபடி ஒவ்வொருவராக எழுந்து மேட்டில் ஏறினார்கள். ஜெசிந்தா கடைசியாக நடந்தாள். ஓடினால் இது நிகழ்ச்சிதான் என்ற நம்பிக்கை அவர்களுக்கு மறுபடி வந்துவிடும் என்பதால் மெதுவாகவே நடந்தாள்.

பாதி மேட்டில் அந்த இரைச்சல் கேட்டது. பாறைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வருகிற சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். கீழே முதல் கூடாரத்தின் கயிறுகளைத் தண்ணீர் தொட்டுவிட்டிருந்தது.

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. “அட! நம்மள மேல அனுப்பிட்டு அங்க ஆரம்பிச்சிட்டாங்க பாரு!”

அவர் சரிவில் இறங்கி ஓடினார். ஜெசிந்தா பாய்ந்து சட்டையைப் பிடித்தாள். “சார், கருவி பழுதுன்னு சொன்னதுதான் பொய். இது நிஜம். செத்துடுவீங்க.”

“பயப்படாதேம்மா. உன்னைப் பத்தி நல்லதாவே எழுதறேன்.” அவர் அவள் கையை மென்மையாக விலக்கிவிட்டுப் போனார். கூடார வாசலில் நின்று மனைவிக்குக் கையசைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

அவளும் பின்னாலேயே இறங்கினாள். இடுப்பளவு நீரில் அவளை முகாமின் சமையல்காரர் எட்டிப் பிடித்துக் கரையில் போட்டார். அவள் மணிக்கட்டுத் திரையில், கூடாரத் துணி அனுப்பிய தணிகாசலத்தின் நாடி ஓடிக்கொண்டிருந்தது. அதில் அச்சத்தின் சாயலே இல்லை. ஊஞ்சலில் உந்திவிடப்பட்ட குழந்தையின் நாடி அது. பிறகு திரை வெறுமையானது.

மறுநாள் காலை மீட்புப் படையினர் கயிறுகளோடு ஓடையின் கீழ்ப்போக்கில் தேடிக்கொண்டிருந்தார்கள். அபிராமி ஒரு பாறைமேல் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. யாரோ கொடுத்த தேநீர் ஆறிப்போய்ப் பக்கத்தில் இருந்தது.

ஜெசிந்தா அவள் முன்னால் மண்டியிட்டாள்.

“அம்மா, அவர் இல்லம்மா. வெள்ளம் கொண்டுபோயிடுச்சு. நான் கண்ணால பார்த்தேன்.”

அழுகை தொடங்க வேண்டிய இடத்தில் சரியாகத் தொடங்கியது. அது அவள் காதிலேயே விழுந்தது.

அபிராமி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தோற்றுப்போனதை ஒப்புக்கொள்கிறவள்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“போதும்மா. எனக்குப் பயமாயிடுச்சு. அவரை வரச் சொல்லு.”