கேன்சல் செய்ய ஐந்தை அழுத்தவும்

டெலிபோன் அலறியது!

மைனா ஹெட்செட்டைச் சரி செய்துகொண்டாள். எதிரே கம்ப்யூட்டர் திரையில் சிவப்பு வட்டம் துடித்தது.

அவசர லைன்!

மைனா என்பது ஆபீஸ் வைத்த பெயர். ஓயாத வாய். வண்டிகளுக்கு ஜி.பி.எஸ். கருவி விற்கும் கம்பெனி அது. கீழ் மாடியில் விற்பார்கள். விற்றதற்கான திட்டுகளை மேல் மாடியில் வாங்கிக்கொள்வார்கள். மைனாவின் நாற்காலி மேல் மாடியில் இருந்தது.

சற்றுமுன் பேசியவர், கருவி 'நேராகச் செல்லவும்' என்று சொன்னதை நம்பி நேராகக் குளத்தில் இறங்கியவர். "மேப்பைப் புதுப்பிக்க நீங்க சந்தா கட்டலை சார்" என்று மைனா சொன்னதும், "அந்தக் குளம் எங்க தாத்தா காலத்துலேர்ந்து அங்கேயேதாம்மா இருக்கு!" என்று கத்திவிட்டு வைத்திருந்தார்.

இப்போது...

"வணக்கம், நான் உங்களுக்கு எப்படி..."

"மேடம்! எங்கக்காவைக் காப்பாத்துங்க மேடம்!"

பெண் குரல். கரகரத்த குரல். விசும்பல்.

"அழாம சொல்லுங்கம்மா. என்னாச்சு?"

"சாகப் போறேன்னு சொல்லிட்டுக் காரை எடுத்துட்டுப் போயிட்டா மேடம்! போனையும் ஆஃப் பண்ணிட்டா! கார்ல உங்க கருவி இருக்கு. அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க மேடம்!"

வண்டி எண்ணைக் கேட்டு வாங்கித் தட்டினாள் மைனா. திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

'சந்தா முடிந்துவிட்டது.'

"அம்மா... நேத்தோட சந்தா முடிஞ்சிருக்கு. கட்டினாத்தான் வண்டி எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியும்."

"ஒரு உசுரு போகுதுங்கறேன்! நீங்க சந்தாங்கறீங்க! மனுஷங்கதானே மேடம் நீங்க?"

மைனாவுக்குச் சுருக்கென்றது.

"அக்கவுன்ட் யார் பேர்ல இருக்கு?"

"எங்கப்பா பேர்ல. அப்பா செத்துப் போயிட்டாரு. அவரோட சிம்கார்டு எங்கிட்டதான் இருக்கு. எந்தக் கேள்வி வேணா கேளுங்க!"

மைனா கேட்டாள். அப்பாவின் பிறந்த தேதி, ரகசியச் சொல், சிம்முக்கு வந்த ஓ.டி.பி... எல்லாம் பிசகில்லாமல் வந்தன.

அவசரகால நீட்டிப்பு என்று ஒரு பட்டன் உண்டு. யோசிக்காமல் அமுக்கினாள்.

திரையில் பச்சைப் புள்ளி கண் விழித்தது.

"கிடைச்சுட்டாங்கம்மா! ஆத்துப் பாலத்தைத் தாண்டி, மூடிக் கிடக்கற சிமென்ட் கிடங்கு ரோடு. வண்டி ஓடிட்டிருக்கு!"

"ஐயோ, அதுக்குப் பின்னாடி கல்குவாரி மேடம்! நிறுத்துங்க! கதவையும் பூட்டிடுங்க! எறங்கி ஓடிப் போய் விழுந்துடுவா!"

திருடு போன வண்டிகளுக்கான வசதி அது. எஞ்சின் மெல்ல மெல்ல அடங்கும். திருடன் இறங்கி ஓடாமலிருக்கக் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும்.

மைனா அதையும் அமுக்கினாள்.

பச்சைப் புள்ளி ஊர்ந்தது. தயங்கியது. நின்றது.

"நின்னுடுச்சும்மா. சீக்கிரம் போங்க."

"நீங்க நல்லா இருக்கணும் மேடம்..."

டொக்.

மைனா கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன மைனா, கண்ணு கலங்குது?"

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான் பசை. கேன்சல் டெஸ்க்கில் உட்காருபவன். சேவை வேண்டாம் என்று ஐந்தை அழுத்துகிற கஸ்டமர்கள் அவனிடம்தான் வந்து சேருவார்கள். இனிக்க இனிக்கப் பேசுவான். அவனிடமிருந்து விடுபட்டுப் போனவர்கள் அபூர்வம். அதனால்தான் பசை.

"ஒரு பொண்ணு உசுரைக் காப்பாத்தியிருக்கேன் பசை."

"சபாஷ்! உன்னை மாதிரி மனசு யாருக்கு வரும்!" பையைத் தோளில் மாட்டினான். "எனக்குத் தலைவலி. லீவு சொல்லிட்டேன். பெண்டாட்டி கையால ஒரு காபி குடிச்சாச் சரியாயிடும்."

"குடுத்து வெச்சவன்யா நீ!"

"என்னை விட்டுட்டு ஒரு நாள்கூட இருக்க மாட்டா மைனா." சிரித்தபடி லிஃப்டுக்குள் நுழைந்தான்.

மைனா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். இரண்டு வாய்கூடக் குடித்திருக்க மாட்டாள்.

மறுபடி சிவப்பு வட்டம்!

திரையில் அதே வண்டி எண்.

"ஹலோ... யாராவது இருக்கீங்களா?" கிசுகிசுப்பாக வேறொரு பெண் குரல். "ஆஃப் பண்ணியிருந்த போனை இப்பத்தான் ஆன் பண்ணேன். கார் திடீர்னு நின்னுடுச்சு. கதவு தொறக்க மாட்டேங்குது..."

"பயப்படாதீங்கம்மா. நாங்கதான் நிறுத்தினோம். எதுக்காகவும் உசுரை விடக் கூடாதும்மா. உங்க தங்கச்சி வந்துட்டே இருக்காங்க."



"யாரு?"

"உங்க தங்கச்சி."

"எனக்குத் தங்கச்சியே கிடையாதே..."

மைனாவின் கையில் இருந்த பாட்டில் சாய்ந்தது. மேஜையெல்லாம் தண்ணீர்.

"கூடப் பொறந்தவங்க யாருமே இல்லம்மா எனக்கு. ஒத்தப் பொண்ணு... பேசினவங்களுக்குக் குரல் கரகரன்னு இருந்துச்சா? வாய்க்கு வாய் மேடம் மேடம்னாங்களா?"

"ஆ... ஆமா."

"என் நாத்தனார்!" மூச்சு இரைத்தது. "என் புருஷனோட தங்கச்சி. எங்கப்பா சிம்மு அந்த வீட்லதான் இருக்கு. ஐயோ... அவங்க கிட்ட எடத்தைச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேம்மா..."

"இதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓடினேன். இந்தக் கருவிதான் காட்டிக் குடுத்துச்சு. அன்னிக்கு அவரு மிதிச்சதுல இடது கையை இன்னும் மடக்க முடியல. 'அடுத்த தடவை வீட்டுக்குக் கூட்டிட்டு வர மாட்டேன். பிடிக்கற எடத்துலயே குழி தோண்டிடுவேன்'னு சொல்லியிருக்காரு. கருவியைப் பிடுங்கிப் போடலாம்னா வண்டியே கிளம்பாது. அதனால, சந்தா எப்ப முடியும்னு காத்துக்கிட்டிருந்தேன். நேத்து முடிஞ்சுது. இன்னிக்குக் கெளம்பிட்டேன். கருவியில செத்துக் கிடந்த பச்சை லைட்டு திரும்ப எரியுதே மேடம்... எப்படி எரியுது?"

மைனாவின் பார்வை அவசரகால நீட்டிப்பு பட்டன் மேல் போய் நின்றது.

"கேன்சல் பண்ணுங்க மேடம்! இப்பவே பண்ணுங்க!"

"கேன்சல் எங்கிட்ட இல்லம்மா. லைன்லயே இருங்க, அஞ்சாம் நம்பருக்கு மாத்தறேன்..."

"வேண்டாம்!!"

காது கிழிகிற அலறல்!

"அங்க மாத்தாதீங்க! எத்தனையோ தடவை அஞ்சை அமுக்கிப் பாத்துட்டேன். எப்ப அமுக்கினாலும் அவர்தான் எடுப்பாரு! 'வணக்கம் மேடம், எங்களை விட்டு ஏன் போகணும்னு நெனைக்கறீங்க?'ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே கேள்வியைப் பெல்ட்டால கேப்பாரு!"

மைனா மெல்லத் தலையைத் திருப்பினாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் காலி நாற்காலி.

பசை!

கேன்சல் டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு வண்டிகளின் இடம் தெரியாது. அவசர லைனுக்குத்தான் தெரியும். அவசர லைனில் இளகிய மனசோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்!

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. போனை வைக்காதீங்க. கார் சீட்டுக்குக் கீழ குனிஞ்சுக்கோங்க."

அடுத்த போனில் போலீஸைக் கூப்பிட்டாள்.

"சிமென்ட் கிடங்கா? எங்க லிமிட்தான். ஜீப்பை அனுப்பறோம். ஆனா சுத்திக்கிட்டு வரணும், நேரமாகும்."

அவன் கிளம்பி ஏற்கெனவே நேரமாகிவிட்டது!

"சார்!!" மைனா போட்ட கூச்சலில் மேனேஜர் கண்ணாடி அறையைவிட்டு ஓடி வந்தார். மூச்சு விடாமல் சொன்னாள். அவர் முகத்தில் ரத்தம் வற்றியது.

"கதவைத் தொறந்து விட்டுடலாமே மைனா?"

"ஓ.டி.பி. கேக்குது சார். அது அந்தப் பொண்ணோட அப்பா சிம்முக்குப் போகும். சிம்மு அந்த நாத்தனார் கையில இருக்கு!"

"ஓ.டி.பி. இல்லாமத் தொறக்க ரூல் கெடையாதேம்மா..."

"செத்துப் போனவர்கிட்ட ஓ.டி.பி. கேக்கறோம் சார்!"

"உயிரோட இருக்கறவங்களுக்கும் அதே ரூல்தாம்மா. சிஸ்டம் அப்படி! நானே நெனைச்சாலும் முடியாது!"

போனுக்குள்ளிருந்து மெலிதாகக் குரல். "மேடம்... உள்ள மூச்சு முட்டுது..."

மைனா காலி நாற்காலியையே வெறித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"சார், ஸ்டாஃப் எல்லாரோட கார்லயும் நம்ம கருவி ஃப்ரீயா மாட்டியிருக்கே. அதெல்லாம் யார் அக்கவுன்ட்?"

"கம்பெனி அக்கவுன்ட்."

"ஓ.டி.பி. யாருக்கு வரும்?"

"எனக்கு..." மேனேஜரின் கண்கள் விரிந்தன. "எனக்குத்தான் வரும்!"

"அப்ப உக்காருங்க சார்!"

அடுத்தவர் வண்டிகளைப் பற்றியே பேசிப் பேசி, தன் காருக்குள்ளும் ஒரு கருவி உட்கார்ந்திருப்பதைப் பசை மறந்தே போயிருந்தான்!

திரையில் இப்போது இரண்டு புள்ளிகள்.

ஒன்று நின்றிருந்தது.

இன்னொன்று பறந்து வந்தது!

"பாலத்துக்கு வந்துட்டான் சார்! அமுக்குங்க!"

"இந்த வேகத்துலயா? பின்னாடி வர்றவன் மோதிச் செத்துடுவான்மா! கொஞ்சம் ஸ்லோ ஆகட்டும்..."

"பாலத்தைத் தாண்டினா நேர் ரோடு சார்!"

புள்ளி பாலத்தில் ஏறியது. பாதிப் பாலம் வந்தது.

மேனேஜரின் விரல் பட்டன் மேல் காத்திருந்தது.

பாலத்தின் மறுமுனையில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டு போயிற்று. முந்த வழியில்லை. புள்ளியின் வேகம் குறைந்தது... இன்னும் குறைந்தது...

"இப்ப!!"

அமுக்கினார்.

புள்ளி நின்றது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அசையவில்லை.

"நிறுத்தியாச்சும்மா! பாலத்து மேலயே மாட்டிக்கிட்டான்!"

பதிலாக ஒரு நடுக்கம் வந்தது.

"மேடம்... இங்க ஒரு வண்டி வருது..."

"போலீஸ் ஜீப்பாத்தான் இருக்கும்மா..."

"சைரன் இல்லையே... பக்கத்துல நிக்குது... யாரோ எறங்கறாங்க... கையில இரும்புக் கம்பி!"

மைனா திரையைப் பார்த்தாள். பாலத்தின் மேல் புள்ளி அப்படியேதான் இருந்தது. ஆனால்... குளத்தைக் காட்டாத மேப் இது! வண்டி எங்கோ போயிருக்க, புள்ளி மட்டும் பழைய இடத்தில் நின்றுகொண்டிருக்குமோ?

"குனிஞ்சுக்கோங்கம்மா! தலையை மூடிக்கோங்க!"

படீர்!!

கண்ணாடி நொறுங்கியது. வீறிட்ட ஓர் அலறல். பிறகு...

ஒன்றுமில்லை.

"ஹலோ! ஹலோ! அம்மா!"

 மேனேஜர் முகத்தை மூடிக்கொண்டார்.

கரகரவென்று ஏதோ உராயும் ஓசை. பிறகு ஒரு கட்டைக் குரல்.

"சைரன் ரிப்பேரும்மா. நான் சப்-இன்ஸ்பெக்டர். பொண்ணு பத்திரமா இருக்கு. கண்ணாடி கீறினதுதான். வேற அடி இல்ல."

மைனா மேஜைத் தண்ணீரில் கவிழ்ந்து அழுதாள். மேனேஜர் அவள் தலையில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

போன் கை மாறியது.

"மேடம்..." அந்தப் பெண்ணின் குரலில் உயிர் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. "கேன்சல் ஆயிடுச்சா?"

மேனேஜர் வாயைத் திறந்தார். மைனா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"ஆயிடுச்சும்மா. இனிமே உங்களை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

அதை உண்மையாக்க மேனேஜர் தன் அறைக்கு ஓடினார்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சிவப்பு வட்டம்.

"மைனா! நான்தான் பசை! என் வண்டி பாலத்து மேல லாக் ஆயிடுச்சு! சீக்கிரம் தொறந்து விடு!"

பின்னணியில் கரகரத்த குரல் ஒன்று. "ண்ணா, கதவை ஒடைண்ணா!" மேடம் மேடம் என்று விசும்பிய அதே குரல். இப்போது அழுகை இல்லை.

மைனா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தலைவலி எப்படி இருக்கு பசை?"

"வெளையாடாத! அவசரம்!"

"ஓ.டி.பி. சொல்லு."

"ஸ்டாஃப் வண்டிக்கு என்னடி ஓ.டி.பி.?"

"மேனேஜர்கிட்ட இருக்கு. அவரு தர மாட்டேங்கறாரு."

 கஸ்டமர்கள் கேட்டேயிராத ஒரு குரலில் பேசினான் பசை.

"அவ உங்கிட்ட பேசிட்டாளா? நான் மட்டும் வெளிய வந்தேன்னா... மொதல்ல அவ. அடுத்து நீ."

"சரியாக் கேக்கல. மறுபடி சொல்லு. கால் ரெக்கார்ட் ஆகுது."

அவன் சொல்லவில்லை. அதற்குள், மைனா தகவல் சொல்லி அனுப்பிய நான்கு போலீஸ்காரர்கள் அவன் காரைச் சூழ்ந்திருந்தார்கள். டிக்கி நெம்பித் திறக்கப்பட்டது. மண்வெட்டி. நைலான் கயிறு. பிரிக்காத பெரிய தார்ப்பாய்.

"யாரைப் புதைக்கறதுக்கு இதெல்லாம்?" என்று ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

"மைனா..." குரல் இப்போது உடைந்திருந்தது. "ப்ளீஸ் மைனா... போலீஸ்... எல்லாப் பக்கமும் அடைச்சுட்டாங்க. நான் எப்படிப் போறது?"

"கவலையே படாதே பசை. அவங்களே ஜீப்ல ஏத்திக் கொண்டு போய் விடுவாங்க. வழியும் தப்பாது... சந்தாவும் கேக்க மாட்டாங்க!"