கூடுதலாக ஒரு கோலி

நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. நவம்பர் மாத ஓஹையோவில் அந்நேரத்திலேயே வெளிச்சம் சாயத் தொடங்கிவிடும். சங்க வீட்டின் வெள்ளைத் தூண்களுக்குப் புதிதாக வண்ணம் அடித்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் தரை மெழுகும் சூடேறிய இரும்புக் குழாயும் கலந்த அந்த வாடை வந்தது. அறுபத்தோரு வருடமாகியும் மாறவில்லை.

நான் படித்த கல்லூரி சிறியது. அதில் மாணவிகளுக்கான எங்கள் சகோதரிகள் சங்கத்தின் கிளை இன்னும் சிறியது. நூறாவது ஆண்டுக்கு மலர் போடுகிறோம், கிளையின் வரலாற்றை நீங்கள்தான் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தாள் இப்போதைய தலைவி டெலேனி. எழுதி எடுத்துப் போயிருந்தேன். பழைய கூட்டக் குறிப்பேடுகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் முடிந்தது.

மாடி அறையில் குறிப்பேடுகளை அடுக்கி வைத்துவிட்டு டெலேனி என் எதிரில் உட்கார்ந்தாள். இருபது வயது, படபடவென்று பேசுகிற பெண்.

புதுப் பெண்களைச் சேர்க்க எங்கள் கிளையில் இன்றும் கோலி போட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கோலி. வெள்ளை என்றால் வரட்டும், கறுப்பு என்றால் வேண்டாம். மூடிய மரப்பெட்டியின் துளைக்குள் கையை விட்டுப் போட்டால் யார் எதைப் போட்டார்கள் என்று தெரியாது. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் அந்தப் பெண்ணுக்கு இடமில்லை.

1964 பிப்ரவரியை நான் தேடிப் போகவில்லை. ஏடு தானாக அங்கே திறந்தது.

"ஹெலினா நோவிக். கோலிகள் இருபத்து மூன்று. கறுப்பு ஒன்று."

அவ்வளவுதான். அடுத்த பக்கம் மார்ச் மாதம், வேறு ஒரு பெண்ணுக்கான வாக்கு. "வந்தவர்கள் இருபத்து இரண்டு பேர். கோலிகள் இருபத்து மூன்று. எல்லாம் வெள்ளை. மறுபடி எண்ணினோம்."

நான் அந்தப் பிப்ரவரிக் கூட்டத்துக்குப் பிறகு சங்கப் பக்கம் அதிகம் போனதில்லை. அதனால் இது எனக்குத் தெரியாது. பக்கங்களைப் புரட்டினேன். 1971, 1988, 2006. கையெழுத்துகள் மாறின, வாசகம் மாறவில்லை. "கூடுதலாக ஒன்று, வெள்ளை." பிறகு, "கூடுதலாக ஒன்று, வழக்கம்போல."

"அதுவா?" என்றாள் டெலேனி. "எங்களுக்குப் பழகிப்போச்சு மிஸஸ் கிர்ச்னர். கூட ஒருத்தி இருக்கான்னு சொல்லுவோம். பாவம், யாரையும் வேண்டாம்னு சொன்னதே இல்ல."

நான் ஏட்டை மூடினேன்.

நான்கு மணிக்குக் கிளையின் மற்ற ஐந்து பெண்களும் மாடிக்கு வந்தார்கள். எனக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருந்தார்களாம். நூற்றாண்டு விழாவுக்கு என்னைக் கௌரவத் தலைவியாக்க வேண்டும், அதற்கும் வாக்கு உண்டு, வெறும் சடங்குதான் என்று சிரித்தார்கள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

ஆறு பேர் வரிசையாகக் கையை விட்டார்கள். டெலேனி பெட்டியின் இழுப்பறையைத் திறந்தாள்.

ஏழு கோலிகள்.

ஆறு வெள்ளை.

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி தான்தான் தவறிப் போட்டிருப்பேன் என்று முணுமுணுத்தாள். அவள் முகத்தைப் பார்த்தாலே பொய் என்று தெரிந்தது. மறுபடி போட்டார்கள்.

ஏழு. ஒன்று கறுப்பு.

டெலேனி கறுப்புக் கோலிகளை எல்லாம் பொறுக்கி ஒரு பைக்குள் போட்டு, பையை மாடிப்படியில் வைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்தினாள். மூன்றாம் முறை.

இழுப்பறை திறந்தபோது ஈரமண் வாடை வந்தது. பனி உருகும்போது ஓடைக்கரையில் வருகிற வாடை. கறுப்புக் கோலி நனைந்திருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் கசிந்து மரத்தில் பரவியது.

"போதும்மா," என்றேன். "அவ சரியாத்தான் போட்டிருக்கா."

பிறகு சொன்னேன். யாரிடமும், என் கணவரிடமும்கூடச் சொல்லாததை.

ஹெலினாவும் நானும் விடுதியில் ஒரே அறை. அவள் அப்பா எஃகு ஆலையில் கூலி. அதை ஊருக்கெல்லாம் சொல்லுவாள். என் அப்பா பல்மருத்துவர் என்று நான் சங்கத்தில் சொல்லியிருந்தேன். உண்மையில் அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைத்தார். நன்றி நாள் விடுமுறைக்கு ஹெலினா ஊருக்குப் போக முடியாமல் என் வீட்டுக்கு வந்தாள். அப்பாவோடு அடுப்படியில் உட்கார்ந்து சீட்டாடினாள். திரும்பி வரும்போது, "உங்கப்பா தங்கம்டி. ஏன் அவரை மறைக்கிற?" என்று மட்டும் கேட்டாள். யாரிடமும் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கறுப்பைப் போட்டேன்.

வாக்கு முடிந்த இரவே சங்கத்தின் அழைப்புக் கடிதம் கதவுக்கடியில் வரும். அன்று வரவில்லை. விடிகிறவரை உட்கார்ந்திருந்தவள், "யாருடி போட்டிருப்பா?" என்று என்னிடமே கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவள் தோளைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையாலேயே.

மறுநாள் பனிப்புயலில் பேருந்து ஓடவில்லை. ஹெலினா ஊருக்கு நடந்தே கிளம்பினாள். இரண்டு நாள் கழித்து ஓடைக்கரையில் கண்டெடுத்தார்கள். நம் சகோதரி இல்லையே என்று சங்கத்தில் யாரும் அடக்கத்துக்குப் போகவில்லை. நானும் போகவில்லை.

பெண்களின் பார்வையைத் தாங்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

டெலேனிதான் கேட்டாள். "அந்த வருஷத்துக்கு வரலாத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

எடுத்து நீட்டினேன். அவள் வாசித்தாள். "1964. பனி அதிகமாக இருந்ததால் விழா எளிமையாக நடந்தது."

அறுபத்தோரு வருடத்தில் அந்த வரிக்குக் கூசியதைப்போல் நான் எதற்கும் கூசியதில்லை. பேனாவை வாங்கி அதை அடித்தேன். ஹெலினா பெயரை எழுதினேன், என் பெயரை எழுதினேன், நான் செய்ததை எழுதினேன். இப்படியே அச்சாக வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாசல்வரை என்னோடு யாரும் வரவில்லை. அதில் தப்பில்லை.

இருட்டும் முன் வீடு சேரலாம் என்று காரை எடுத்தேன். எழுதிவிட்டோம், இனி அவள் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

கல்லூரி வாசலைத் தாண்டியதும் காரில் மணி அடிக்கத் தொடங்கியது. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு. பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் எரிகிற விளக்கு.

என் பை பின்னால் கிடந்தது. பக்கத்தில் எதுவும் இல்லை.

மணி நிற்கவில்லை.

ஒரு மைல் பொறுத்தேன். பிறகு ஓரமாக நிறுத்தி, கையை நீட்டி, அந்தப் பக்கத்துப் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். மணி நின்றது.

வெற்று இருக்கையில் பெல்ட் பின்னால் போய்ப் படிந்து கிடக்க வேண்டும். படியவில்லை. ஒரு ஒல்லியான உடம்பு அளவுக்கு விலகி நின்றது.

மெல்ல எழும்பியது. தணிந்தது. மறுபடி எழும்பியது.