கோணலாகவே இருக்கட்டும்

அந்தச் சுவர்க்கடிகாரம் நொண்டியது. டிக் என்று அடித்துவிட்டு, அடுத்த அடியை எடுத்துவைக்க மனமில்லாமல் நெடுநேரம் நின்று, பிறகு அவசரமாக ஒரு டக். மறுபடி டிக், மறுபடி அந்த இழுப்பு. காது கேட்கிற யாருக்கும் அது தெரியும். பழைய கடிகாரங்களைப் பழுதுபார்த்தே பிழைக்கிற ஒருத்திக்கோ, சோற்றில் மணல் கடிபட்டதுபோல் இருந்தது.

அதைக் கொண்டுவந்து கொடுத்த பெண்மணி வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். நகை ஒன்றும் இல்லை. முன்னறையே பட்டறை என்பதால் வீட்டுக்குள் நடப்பதெல்லாம் அங்கே கேட்கும். பின்கட்டில் மகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா எண்ணிக்கையை வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண்மணி பேச்சை நிறுத்திவிட்டுத் தலையை ஒருபக்கம் சாய்த்து அந்தச் சிரிப்பைக் கேட்டார்.

"வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"நான், அவரு, பொண்ணு. அவ்வளவுதான்."

"நல்லது." கடிகாரத்தை அவள் பக்கம் நகர்த்தி, "பெட்டிய மட்டும் மெருகு போட்டுக் குடுங்க. பின்னால ஒரு மரத்துண்டு ஒட்டியிருக்கும், அதை எடுத்துடாதீங்க. கோணலாவே இருக்கட்டும்" என்றார்.

"கோணலா மாட்டினா நொண்டுமேம்மா. கொஞ்ச நாள்ல நின்னுடும்."

"தெரியும். இருக்கட்டும்."

அவர் போனபிறகு அவள் அதைப் பட்டறைச் சுவரில் மாட்டி, சாவி கொடுத்து, பெண்டுலத்தைத் தட்டிவிட்டு நின்று பார்த்தாள். எப்பேர்ப்பட்ட வேலை! இரண்டு முழ நீளக் கருமரப் பெட்டி, இணைப்புகளில் ஓர் ஆணிகூடக் கிடையாது. வெள்ளைப் பீங்கான் முகத்தில் முடி மாதிரி ஒரே ஒரு விரிசல். தீயில் காட்டி நீலமேற்றிய எஃகு முட்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலப் பித்தளைக் குண்டு நிதானமாகப் போய்வந்தது. எந்தக் கை செய்ததோ, அந்தக் கை அவசரப்பட்டதே இல்லை. இப்படி ஒரு கடிகாரத்தை நொண்ட விடுவது பாவம் என்று அவளுக்குப் பட்டது.

அவள் காதைப் பற்றி வீட்டில் ஒரு கேலி உண்டு. "உனக்கு இருக்கிறது காதே இல்ல, ரசமட்டம்" என்பார் கணவர். கடிகாரம் நேராகத் தொங்குகிறதா என்று பார்க்க அவளுக்குக் கண்ணே வேண்டாம். டிக்குக்கும் டக்குக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாகும்வரை பெட்டியின் அடியை நூலளவு நகர்த்திக்கொண்டே இருப்பாள். சமமானதும் அடியிலுள்ள இரண்டு பித்தளைத் திருகுகளையும் முடுக்கிவிட்டால் பெட்டி அசையாது. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. கர்வப்படலாம், அவ்வளவு சுத்தமான காது.

இரண்டு நாள் பொறுத்தாள். சனிக்கிழமை சாயங்காலம், மெருகு காய்ந்தபிறகு, தகடு போன்ற கத்தியை விட்டு அந்த மரத்துண்டை நெம்பி எடுத்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும், நல்ல சத்தத்தைக் கேட்டால் நன்றிதான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டாள். பெட்டியை மெல்ல நகர்த்தினாள். டிக், டக். டிக், டக். அறை முழுவதும் அந்தச் சத்தம் எண்ணெய் விட்டதுபோல் பரவியது. திருகுகளை முடுக்கினாள்.

உள்ளறையிலிருந்து கணவர், "அப்பாடா, நின்னுச்சுடா அந்த நொண்டி!" என்று கத்தினார். மகள் கைதட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதே சுவரில் இருந்த மற்றக் கடிகாரங்கள் எல்லாம் நின்றிருந்தன. இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஒரே சுவரில், ஒரே பலகையில் இரண்டு கடிகாரங்களை மாட்டினால் பெரியதன் ஆட்டம் மரத்தின் வழியாகச் சின்னதுக்குப் போகும். முதலில் இரண்டும் சேர்ந்து ஆடும், ஒன்று இந்தப் பக்கம் போகையில் மற்றது அந்தப் பக்கம். பிறகு சின்னதன் வீச்சு குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். தொழிலில் இறங்கிய முதல் மாதமே தெரிந்துகொள்கிற விஷயம் இது. அவள் சின்னவற்றைக் கழற்றி எதிர்ச்சுவருக்கு மாற்றினாள்.

சாப்பாட்டின்போது கணவர் மோரில் உப்புப் போட்டுக் கலக்கினார். கரண்டி டம்ளரின் இந்தப் பக்கம் தட்டியது, அந்தப் பக்கம் தட்டியது. அவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். பட்டறையின் டிக்கும் டம்ளரின் சத்தமும் ஒன்றாக விழுந்தன. மேசைக்கடியில் மகளின் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன, அப்பாவின் கரண்டி இந்தப் பக்கம் போகையில் அவள் கால் அந்தப் பக்கம்.

"காலை ஆட்டாதே," என்றாள்.

"நான் ஆட்டலயேம்மா," என்றாள் மகள். கால்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

சாப்பிட்டதும் அப்பாவும் மகளும் உள்ளறைக் கட்டிலில் படுத்தார்கள். சரக்கு லாரி ஓட்டுகிறவருக்கு ஞாயிறு மதியத் தூக்கம்தான் தூக்கம். அந்தக் கட்டிலின் தலைமாடு பட்டறைச் சுவரை ஒட்டியிருந்தது. வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மூடிய சன்னல் வழியே வந்த கோடு கோடான வெளிச்சம் இருவர் மேலும் விழுந்திருக்க, மெருகு எண்ணெயின் வாசனை கதவுக்கடியில் புகுந்து அறையில் தேங்கியிருந்தது. அவள் போர்வையை எடுத்து மகளுக்குப் போர்த்தக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

டிக். கணவரின் மார்பு ஏறியது. மகளுடையது இறங்கியது.

டக். மகளுடையது ஏறியது. கணவருடையது இறங்கியது.

தன் பிரமை என்று சொல்லிக்கொண்டாள். எதையும் தாளமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது இது, இல்லாததையும் கேட்கும். பட்டறைக்குப் போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஒரே ஒரு விரலால் பித்தளைக் குண்டை நிறுத்திப் பிடித்தாள்.

வீடு நின்றது.

உள்ளறையிலிருந்து ஒரு மூச்சும் வரவில்லை. அவள் கதவு வழியே எட்டிப் பார்த்தாள். கணவரின் வாய் பாதி திறந்திருந்தது. மகளின் கழுத்துக் குழி உள்ளே போனது போனபடி இருந்தது. உதடு நிறம் மாறியது. அவள் அலறிக்கொண்டே விரலை எடுத்துக் குண்டைத் தள்ளிவிட்டாள். டிக். இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீருக்கடியிலிருந்து வந்தவர்கள்போல் இழுத்தார்கள். பிறகு ஒருவர் மாற்றி ஒருவர். விழிக்கவில்லை.

தொலைபேசியை எடுத்து அந்தப் பெண்மணியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"நேராக்கிட்டீங்களா?" என்றார், வணக்கம்கூட இல்லாமல்.

"என்ன இது? என்னம்மா இது? அவங்க மூச்சு..."

"நான் வேணாம்னுதான் சொன்னேன். நீங்கதான் கேக்கல. நேரா அடிக்க ஆரம்பிச்சாதான் அது வீட்ல உள்ளவங்களப் பிடிச்சுக்கும்."

"நிறுத்தினா நின்னுடறாங்கம்மா!"

"ஆமா, நிக்கும். சாவி குடுக்கிற கையை அது ஒண்ணும் பண்ணாது. யாராவது குடுக்கணும்ல? அதனாலதான் நான் இன்னும் இருக்கேன்." குரலில் கோபம் இல்லை. காய்கறிக் கடையில் பேசுகிற மாதிரிப் பேசினார். "எங்க வீட்லயும் ரெண்டு பேரு. எம்புருஷன், எம்பையன். ஒரே கடிகாரத்துல ரெண்டு பேரு ரொம்ப நேரம் தாங்காது. சின்னது நிக்க ஆரம்பிக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும்.

"அப்ப நான் என்ன பண்றது? சொல்லுங்கம்மா, உங்க காலைப் பிடிக்கிறேன்."

"சாய்ச்சு வைங்க. எந்தப் பக்கம் நீளமா அடிக்குதோ அந்தப் பக்கத்து ஆளுக்கு மூச்சு. அந்த மரத்துண்டு நான் வச்சதுதான், பையனுக்காக."

"பையன் இப்ப...?"

"இப்ப நான் மட்டும்தான். கோணலா அடிச்சது ஒரு நாள் நின்னுடுச்சு," என்றார். "மருந்து வாங்கக் கடைக்குப் போனப்ப உங்க வீட்ல சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு மூணு தடவை அந்தப் பக்கமா வந்து நின்னு கேட்டேன். எனக்கு மட்டும் ஏன்னு தோணுச்சு. வேற ஒண்ணுமில்ல." தொலைபேசியை வைத்துவிட்டார்.

மறுபடி உள்ளறைக்கு ஓடினாள். கணவரின் மார்பு பழையபடி ஏறி இறங்கியது, நல்ல ஆழமாக. மகளுடையது முன்பு ஏறிய அளவில் பாதிதான் ஏறியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த டக்கில் இன்னும் குறைந்தது. எதிர்ச்சுவருக்கு மாற்றினாளே, அந்தச் சின்னக் கடிகாரங்கள் இப்படித்தான் நின்றிருக்கும்.

மகளையும் இங்கிருந்து மாற்றலாம். அதே வழி. மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வாசற்படி தாண்டி வெயிலில் கால் வைத்ததும் டிக் டக் சத்தம் மங்கியது. தோளில் குழந்தை கனத்தாள். மூச்சு நின்று, தலை சரிந்து, எச்சில் அவள் கழுத்தில் ஒழுகியது. கேட்காத தூரத்துக்குப் போனால் அவ்வளவுதான். திரும்பி ஓடிவந்து கட்டிலில் கிடத்தினாள். டக். மகள் இருமினாள். ஏறியது மார்பு, மிகக் கொஞ்சமாக.

யோசிக்கவே இல்லை அவள். அதை நினைத்து வெட்கப்படக்கூட அந்த நேரத்தில் அவளுக்கு இடமில்லை. இத்தனை வருடம் கூடவே வாழ்ந்த மனிதர், காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர், அவரைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்காமல் பட்டறைக்குப் போய் இரண்டு திருகுகளையும் தளர்த்தி, பெட்டியின் அடியை இடதுபக்கம் தள்ளினாள். காதுதான் ரசமட்டமாயிற்றே, எவ்வளவு தள்ளினால் போதும் என்று அதற்குத் தெரியும். டிக் குறுகியது. டக் நீண்டது. உள்ளறையில் மகள் நீளமாக, நிறைவாக மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

கணவர் இரும ஆரம்பித்தார்.

"என்னடி..." கட்டில் கிறீச்சிட்டது. "என்ன... காத்து..." சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவருகில் நின்றார். முகம் வீங்கியிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு வாய்க் காற்று, அதுவும் பாதியில் அறுந்தது. அவள் கைகள் எதைப் பிடித்திருக்கின்றன என்று பார்த்தார். பெண்டுலத்தைப் பார்த்தார். தன் மார்பைப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு," என்றாள் அவள். "பாப்பாவுக்குங்க. வேற வழியில்ல. மன்னிச்சிடுங்க."

அவர் தலையாட்டினார். புரிந்ததென்று தலையாட்டினார், அவள் கண்ணால் பார்த்தாள். கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது. மகள் பிறந்த அன்று அழுத அதே கண்கள்.

பிறகு கிட்டே வந்தார். லாரி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த அந்தப் பெரிய கை பெட்டியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தது. உதவிக்குப் பிடிக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

பெட்டி வலதுபக்கம் நகர்ந்தது.

"வேணாம்," என்றாள். "என்னங்க. வேணாங்க!"

அவர் அவளைப் பார்க்கவில்லை. டிக் நீண்டது. அவர் இழுத்தார், தொண்டை விம்ம இழுத்தார். முகத்தில் கோபம் இல்லை, வெறுப்பு இல்லை, மகள் இல்லை. காற்று மட்டும்தான் வேண்டும். அவள் இரண்டு கையாலும் தோளாலும் முட்டித் தள்ளினாள். அவர் ஒரே கையால் பிடித்திருந்தார். பெட்டி நூலளவு வந்தது. இரண்டு நூல் போனது. பெண்டுலம் மட்டும் நிற்காமல் நிதானமாகப் போய்வந்தது.

"விடுங்க!" அவர் மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. கை அசையவில்லை.

உள்ளறையில் மகள் விழித்துக்கொண்டாள். கட்டிலிலிருந்து கால் இறங்குகிற சத்தம். பயந்துபோய்க் கூப்பிட வாயெடுக்கிற சத்தம்.

டக்.

"அம்..."

நீளமான டிக். இன்னும் நீளமாக. கணவர் அவள் பக்கத்தில், அவள் காதோரம், சுகமாக, மார்பு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தார்.

அவள் அடுத்த டக்குக்காகக் காத்திருந்தாள்.