மெஷின் நின்ற நேரம்

இறந்தவரைப் பற்றி எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள். இறந்தவர் மட்டும் மெதுவாகப் பேசினார். யுவனேஸ்வரிக்கு வந்த சிக்கல் அதுதான்.

அவள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள். பக்கத்து வீட்டு ரூபனும் அதே வகுப்பு. ரூபனின் அப்பா மகேஸ்வரன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷின்காரர். ஒரு நாள் சாயங்கால மழையில், கொழுந்து மூட்டை ஏற்றிவந்த லோரி வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. அவர் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்திருந்தார். அவ்வளவுதான். பெரியவர்கள் அதைச் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும் முன்பே ரூபனுக்குப் புரிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டின் முன்னால் கூடாரம் போடுவார்கள். சாப்பாடு முடிந்ததும் இறந்தவரின் வீடியோவை டிவியில் காட்டுவார்கள். யுவனேஸ்வரி பள்ளி விளையாட்டுப் போட்டியை அண்ணனின் பழைய கைப்பேசியில் வெட்டி ஒட்டி வீடியோவாக்கியவள். அதனால் இந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது.

சொந்தக்காரர்கள் துண்டு துண்டாக வீடியோ அனுப்பினார்கள். மகேஸ்வரனின் கல்யாண மேளம் ஒன்று. ஈப்போவில் இருக்கும் ரூபனின் சித்தப்பா அழுதுகொண்டே பேசியது ஒன்று. காளியண்ணன் பேசியது ஒன்று, அதுதான் எல்லாவற்றையும்விட நீளம். கொழுந்து மெஷினை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். மகேஸ்வரனுக்கு எதிர்ப்பக்கம் பிடித்தவர் காளியண்ணன்.

கடைசியாக ரூபன் அவன் அம்மாவின் கைப்பேசியைக் கொண்டுவந்தான். அப்பா இறந்த அன்று மத்தியானம் மலையிலிருந்து அனுப்பிய வீடியோ அதில் இருந்தது.

"அப்பா இதுல என்னமோ சொல்றாரு," என்றான். "வாய் அசையுது. ஒண்ணும் கேக்கல. என்னான்னு கண்டுபிடிச்சுக் குடு."

அவ்வளவு சொல்லிவிட்டுக் கோழிக்கூட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். மொட்டைத் தலையில் முடி முள்முள்ளாக முளைத்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் காளியண்ணன் வீட்டில் சோதித்துப் பார்த்தார்கள். டிவியும் ஸ்பீக்கரும் அவருடையவை. கல்யாண மேளம் வந்ததும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ரூபனின் அம்மா விக்னேஸ்வரி காதைப் பொத்திக்கொண்டார். அடுத்து மகேஸ்வரன் வந்தார். மெஷின் அலறியது. அவர் உதடு அசைந்தது. மறுபடி மெஷின் அலறியது. விக்னேஸ்வரி எழுந்து வெளியே போய்விட்டார்.

"நல்லாத்தான்லா கேக்குது," என்றார் காளியண்ணன்.

"பெரியப்பா, மகேஸ்வரன் மாமா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் யுவனேஸ்வரி.

அவர் தலையைச் சொறிந்தார். "அதான்... என்னமோ சொன்னான்."

வருடக்கணக்காக மெஷின் பிடித்த காது அது. சத்தம் இருந்தால் போதும், எல்லாம் கேட்கிறது என்று அந்தக் காது சொல்லிவிடும். கேட்காத துண்டை எடுத்துவிட்டு ஒரு பாட்டுப் போடச் சொன்னார் அவர்.

யுவனேஸ்வரி வீட்டுக்கு வந்து வீடியோ வெட்டும் செயலியைத் திறந்தாள். எல்லாத் துண்டுகளின் ஒலியையும் ஒரே அளவாக்க அதில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினாள். மேளம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் மகேஸ்வரன் துண்டு அப்படியே இருந்தது. அந்தத் துண்டில் ஏற்கெனவே போதுமான சத்தம் இருக்கிறதாம். மெஷின் சத்தத்தையே அவருடைய குரல் என்று எடுத்துக்கொண்டது அந்தப் பொத்தான். அதற்குக் காளியண்ணன் பெரியப்பாவின் காதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுபடி போட்டுப் பார்த்தாள். மெஷின் அலறியதும் அவள் கட்டைவிரல் தானாகவே ஒலியைக் குறைத்தது. அப்போதுதான் அதைக் கவனித்தாள். ரூபனும் அவன் அம்மாவும் இதையேதான் செய்திருப்பார்கள். மெஷினுக்குப் பயந்து எல்லோரும் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அவர் வாயைத் திறக்கும்போது கைப்பேசி ஏறக்குறைய ஊமையாகிவிடுகிறது.

பேசுவதற்காகவே அவர் மெஷினை நிறுத்தச் சொல்லியிருந்தார். அது நின்றது கொஞ்ச நேரம்தான்.

அந்தத் துண்டை மூன்றாக வெட்டினாள். முன்னால் மெஷின், நடுவில் குரல், பின்னால் மெஷின். இரண்டு மெஷின் துண்டுகளையும் நன்றாகக் குறைத்தாள். குரலை ஏற்றினாள். காற்றின் இரைச்சலும் கூடவே ஏறியது. பரவாயில்லை, மலையில் காற்று இருக்கத்தான் செய்யும். அண்ணனின் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

கேட்டது.

ஏதோ பெரிய விஷயமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் விபத்துக்கு மறுநாள் காலையில் ரூபன் வீட்டுக் கொடியில் பார்த்தது அவள் நினைவுக்கு வந்தது. இதை அவன் கேட்க வேண்டுமா? வெகுநேரம் யோசித்தாள். அது ஓர் அப்பா தன் மகனுக்குச் சொன்னது. இடையில் மறித்துக்கொண்டு நிற்க இவள் யார்?

இன்னொரு சிக்கல் மீதி இருந்தது. எவ்வளவு ஏற்றியும் அவர் குரல் மற்றவர்கள் அளவுக்கு வரவில்லை. இதற்கு மேல் ஏற்றினால் கரகரத்தது. இனி மற்றவர்கள்தான் இறங்கி வர வேண்டும். மேளத்தை இறக்கினாள், சித்தப்பாவை இறக்கினாள். காளியண்ணனை இறக்கும் முன் அவரிடமே போய்ச் சொன்னாள்.

"என் பேச்ச எதுக்கு கொறைக்கிற? தூரத்துல ஒக்காந்திருக்கவனுக்குக் கேக்க வேணாமா?"

"உங்க சத்தத்துக்கு அப்புறம் மாமா பேசுனா யாருக்கும் கேக்காது, பெரியப்பா."

அவர் ஸ்பீக்கரின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

"மெஷின நிப்பாட்டச் சொல்லிக் கைய காட்டுனான்," என்றார். "வேல கெடக்குதுன்னு நான்தான் ஒடனே மறுபடி போட்டேன். இன்னும் என்னென்ன சொல்ல வந்தானோ." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கொறைச்சிக்க."

ஞாயிற்றுக்கிழமை காரியம் முடிந்தது. ரூபன் குளித்துவிட்டுத் தன் ஈர வேட்டியை வீட்டுக்குப் பக்கத்துக் கொடியில் காயப் போட்டான். கூடாரத்தில் எல்லோரும் சாப்பிட்டார்கள். வானம் வழக்கம்போல் மூடிக்கொண்டு வந்தது. ஸ்பீக்கர் பக்கத்தில் காளியண்ணன் உட்கார்ந்திருந்தார். யுவனேஸ்வரி வீடியோவைப் போட்டாள்.

மேளம் காதை அடைக்கவில்லை. சித்தப்பாவின் அழுகை அளவாகக் கேட்டது. காளியண்ணன் தன் வாழ்நாளில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். பின்வரிசையில் யாரோ, அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில் அதுவும் தேவையாகத்தான் இருந்தது.

பிறகு பச்சை மலை வந்தது. மெஷின் சத்தம் தூரத்தில் கேட்பது போல் ஒலித்தது. பழக்கத்தில் காளியண்ணனின் கை சத்தத்தைக் கூட்ட ஸ்பீக்கர் பொத்தானுக்குப் போனது. யுவனேஸ்வரி அவரைப் பார்த்தாள். கை திரும்பி மடிக்கு வந்துவிட்டது.

மெஷின் நின்றது.

"டேய் ரூபா," என்றார் மகேஸ்வரன், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் போல. "வானம் இருட்டிக்கிட்டு வருதுலா. கொடியில உன் ஸ்கூல் சட்ட கெடக்கும், எடுத்து உள்ள போடு. கோழிய அடைச்சிரு. நான் வர லேட்டாவும்."

மறுபடி மெஷின். அத்துடன் முடிந்தது.

விக்னேஸ்வரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். விபத்து நடந்த அன்று அந்தப் பள்ளிச் சட்டையை யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலையிலும் அது கொடியில் சொட்டிக்கொண்டு கிடந்தது.

ரூபன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தான். எழுந்து நாற்காலிகளுக்கு நடுவே நடந்தான். யாரோ அவனைப் பிடித்து உட்காரவைக்கக் கையை நீட்டினார்கள்.

"விடுங்க," என்றாள் யுவனேஸ்வரி. "அவனுக்கு வேல இருக்கு."

அவன் கொடியிலிருந்த வேட்டியை உருவித் தோளில் போட்டுக்கொண்டான். கோழிகளை ஒவ்வொன்றாக விரட்டிக் கூட்டில் அடைத்துக் கதவைச் சாத்தினான். அதற்குப் பிறகுதான் முதல் துளி விழுந்தது.