வெற்றுக் கண்ணாடி

முற்பகல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நுண்ணோக்கி அறைக்குள் பகலுக்கு அனுமதி கிடையாது. ஜன்னல்களைக் கறுப்புத் துணி மூடியிருந்தது. கதவில், இறந்துபோன தம்பியின் பெயர்ப்பலகை. அண்ணன் அதைக் கைக்குட்டையால் ஒரு தரம் துடைத்துவிட்டு, முதுகு வளையாமல் உள்ளே நுழைந்தார்.

தம்பி கண்டுபிடித்தது கண்ணுக்கே தெரியாத ஒரு துகள். உடம்பின் செல்லில் போய் ஒட்டிக்கொள்ளும். நீல விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். விளக்கு அணைந்தால் தானும் அணையும். நோய் பதுங்கிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் துகளே சேர்க்காமல் செல்லை மட்டும் தடவிய வெற்றுக் கண்ணாடிச் சில்லிலும் ஒளி தெரிந்ததாம். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒளி துகளுடையதே இல்லை, மோசடி என்றார்கள். இன்று புதிதாக வைக்கும் கண்ணாடி இருண்டிருந்தால் பழி நீங்கும். ஒளிர்ந்தால் பலகை இறங்கும்.

"யாரோட செல் வைக்கலாம் ஐயா?" என்றாள் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர்.

"என்னோடதை எடும்மா. எங்க வீட்டு ஆளுங்க வாயில பொய் வந்ததே இல்ல."

"அப்ப வாயிலேர்ந்தே எடுத்துடறேன்" என்று சிரித்தாள்.

பஞ்சுக் குச்சியால் அவர் கன்னத்தின் உட்புறத்தை வழித்து, புதுக் கண்ணாடியில் தடவினாள். வேறெதுவும் சேர்க்கவில்லை.

"ரெண்டு பேரும் பாக்கணும். முதல்ல நீங்க."

நீல விளக்கு எரிந்தது. அவர் குனிந்தார்.

கும்மிருட்டு. அவருக்கு உயிர் வந்தது.

டொக் டொக்... டொக்.

மேஜையில் மோதிரம் தட்டும் ஓசை. நுண்ணோக்கியில் குனியுமுன் தம்பி எப்போதும் அப்படித்தான் தட்டுவான்.

"நீ தட்டினியாம்மா?"

"இல்லீங்களே. நான் விளக்குகிட்ட நிக்கிறேன்."

கிராம்பு வாசம் எழுந்தது. தம்பியின் கன்னத்தில் எந்நேரமும் அடங்கியிருக்கும் கிராம்பு.

கண்ணாடியில் ஒரு பச்சைப் புள்ளி. பிறகு நூறு.

"விளக்கை அணை."

அணைத்தாள்.

புள்ளிகள் அணையவில்லை.

அன்று கடைசி மூச்சில் தம்பி சொன்னது மறுபடி காதில் விழுந்தது: "அது ஒளிருது அண்ணா. ஏன்னு எனக்கே தெரியல. மறைச்சிடாத."

"எப்படி இருக்கு ஐயா?"

கண்ணாடியைச் சட்டென்று உருவிக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார்.

"இருட்டு."

"ஐயோ, நானும் பாக்கணுமே..."

"என் வார்த்தை போதாதா?"

அவள் தயங்கினாள். "நீங்க சொன்னா சரிதான்."

பலகை இறங்கவில்லை. மோசடிப் புகாரை விசாரித்த குழுவினர் வந்து கை குலுக்கினார்கள். அவரால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கன்னத்துக்குள் கிராம்புக் காரம் ஏறிக்கொண்டே போனது. கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்தார். காரம் போகவில்லை.

ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்கு அது. நிலைக்கண்ணாடி முன் அவர் விறைத்து நின்றார். விளக்கு அணைந்தது.

அறை இருளவில்லை.

நிலைக்கண்ணாடியில் அவருடைய இரண்டு கன்னங்களும் உள்ளிருந்து பச்சையாகக் கனன்றன. பல் இடுக்குகளில் ஒளி கசிந்தது.

வெளியே பொறுப்பாளரின் குரல்.

"உள்ள யாரு? கதவுக்கு அடியில பச்சையா வெளிச்சம் வருதே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். அறை முழுக்கப் பச்சையானது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

விரல்களுக்கிடையே ஒளி துடித்தது. இரண்டு முறை. சற்று நிறுத்தி, இன்னொரு முறை.