கைக்கு வராத சம்மன்

இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அக்காவும் தங்கையும் அந்த வக்கீலின் அறைக்குள் வந்தார்கள். தன் மேல் வழக்கு எதுவும் இல்லை என்ற சான்றைத் தங்கை மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் திங்கட்கிழமை முதல் வேலை. கொடுக்காவிட்டால் வரிசையில் அடுத்த ஆள்.

சான்று கேட்டுப் போன போலீஸ் அலுவலகத்தில், முகவரியைப் பார்த்துவிட்டு, அவள் பெயரில் பிடிவாரண்டு இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்ன வழக்கு, எந்தக் கோர்ட் என்று கேட்டதற்கு, இதுவரை பிடிக்காமல் விட்டதே பெரிசு என்று அங்கிருந்தவர் சிரித்தாராம்.

வக்கீலுக்குக் கோர்ட் வட்டாரத்தில் ஊசி என்று பெயர். ஆள் ஒல்லி என்பதால் வைத்ததாக அவளிடம் சொல்வார்கள். வாய்க்காக வைத்தது என்று அவளுக்கே தெரியும். கோர்ட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள், மீதிப் பேருக்குப் பொய் சொல்லவும் துப்பில்லை என்பது அவள் கணக்கு.

"என்ன செஞ்சே?" என்று தங்கையைக் கேட்டாள்.

"ஒண்ணுமே செய்யல மேடம்."

"எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. பேரை எழுது."

கோர்ட் பதிவுகளை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். ஆனால் அந்தத் தளத்தை அமைத்தவருக்கு மனித இனத்தின் மேல் ஏதோ பழைய பகை இருந்திருக்க வேண்டும். பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. ஓர் எழுத்தை மாற்றிப் போட்டாள். வரவில்லை.

"சரியாத்தானே எழுதியிருக்கேன்" என்றாள் தங்கை.

"நீ சரியா எழுதுவே. கோர்ட்ல பதியறவன் எழுதணுமே. உன் பேர்ல வண்டி இருக்கா?"

"ஸ்கூட்டர் இருக்கு."

"நம்பரைச் சொல்லு."

வண்டி எண்ணைப் போட்டதும் வழக்கு வந்து நின்றது. பெயரில் ஓர் எழுத்து கூடுதல், பின்பாதியைக் காணோம். ஊசி திரையைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன் பாலத்துச் சந்திப்பில் சிவப்பு விளக்கைத் தாண்டிய ஸ்கூட்டர். போலீஸ்காரர் கை காட்டியும் நிற்கவில்லை. பின்னாலிருந்து எண்ணைக் குறித்துக்கொண்டு, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குச் சம்மன் அனுப்பியிருக்கிறார்கள். 'சம்மன் வீட்டாரிடம் நேரில் ஒப்படைக்கப்பட்டது' என்று ஒரு வரி, வாங்கியவர் பெயர் இல்லை. அவள் ஆஜராகவில்லை. ஆகவே வாரண்டு.

"அப்ப நான் ஹாஸ்டல்ல இருந்தேன் மேடம். வண்டி வீட்லதான் நின்னுது. சம்மன்னு ஒண்ணை நான் கண்ணால பார்த்ததில்ல."

"வண்டி தானா சிக்னல் தாண்டாது. வீட்ல யார் யார்?"

அக்கா பதில் சொன்னாள். "நான், எங்க வீட்டுக்காரர், எங்க அப்பா. மாடியில ஒரு குடித்தனம் இருக்கு. அபராதத்தைக் கட்டிட்டா முடிஞ்சிடாதா மேடம்?"

"தாராளமா கட்டலாம். கட்டினா குற்றத்தை ஒத்துக்கிட்டதா பதிவாகும். அதைக் கொண்டுபோய் ரத்த வங்கியில காட்டச் சொல்லுங்க, கைதட்டுவாங்க." ஊசி கம்ப்யூட்டரை அணைத்தாள். "ரெண்டு வேலை ஆகணும். ஒண்ணு, சம்மன் இவ கைக்கு வரலைன்னு அதை வாங்கினவங்களே வந்து சொல்லணும், அப்பத்தான் வாரண்டு ரத்தாகும். ரெண்டு, வண்டியை ஓட்டினவங்க நான்தான்னு முன்னாடி வரணும், அப்பத்தான் கேஸ் இவளை விட்டுப் போகும். எனக்குத் தெரியாதுன்னு இவ மட்டும் போய் நின்னா, அந்த மாஜிஸ்திரேட் கொட்டாவி விடுவாரு. ஆறு மணிக்கு வீட்டுக்கு வரேன். எல்லாரையும் இருக்கச் சொல்லுங்க. வாரண்டு வந்ததைச் சொல்லலாம், அதுக்கு மேல ஒண்ணும் பேசக் கூடாது."

அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஊசி கோர்ட்டுக்குப் போனாள்.

சம்மன் பிரிவு ஜன்னலில் இருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்ப்பதைத் தன் தகுதிக்குக் குறைவாக நினைப்பவர். வழக்கு எண்ணைச் சொன்னதும் அந்தத் தெருவுக்கு அப்போது சம்மன் கொண்டுபோன ஊழியர் யார் என்று தேடி, தாடையால் மூலையைக் காட்டினார். அங்கே பெஞ்சில் ஒரு பெண் மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு பின்னலைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது சொல்லலாம். சீருடைச் சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது.

"அப்பத்தான் வேலைக்குச் சேர்ந்தேன் மேடம்" என்றாள் அந்தப் பெண். "நாளைக்கு நாப்பது கதவு தட்டறேன். வாங்கினவங்க முகத்துக்கு எங்க போறது? குடிக்கத் தண்ணி கொடுத்தவங்கன்னா ஞாபகம் இருக்கும்."

"அப்படி எத்தனை வீடு?"

"மூணு. இந்தத் தெரு அதுல இல்ல."

ஊசி மணியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

மாலை ஆறு மணிக்கு அவள் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே அக்காவின் கணவர் வெளியே வந்துவிட்டார். நாற்பது வயது, அயர்ன் கலையாத சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா.

"ஸ்டாண்டை இப்படிப் போடக் கூடாது மேடம். சரிவுல வண்டியோட மூக்கு மேட்டைப் பார்த்து இருக்கணும். திரும்பும்போது கண்ணாடியும் பார்க்கல நீங்க."

"அப்படியா" என்றாள் ஊசி. ஸ்டாண்டை மாற்றவில்லை.

"தெருவுக்கே இவர்தான் வாத்தியார்" என்றாள் அக்கா, பின்னால் நின்றபடி. "கார்ல நான் ஓட்டுவேன், இவரு பக்கத்துல உக்காந்து திட்டுவாரு."

"பின்னே? கியர் மாத்தறதா அது? மாவாட்டுற மாதிரி."

கூடத்தில் தங்கை சுவரோரம் நின்றாள். அப்பா சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் அறுவைக்குப் பிறகு அவர் எழுந்து நிற்பதற்குள் ஒரு நியூஸ் முடிந்துவிடும். ஊசி முதலில் அவரைக் கேட்டாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி கோர்ட்லேருந்து ஆள் வந்து சம்மன் கொடுத்ததா பதிவு இருக்கு. நீங்க வாங்கினீங்களா?"

"எவன் வந்தாலும் கையை மணியில வெச்சா எடுக்க மாட்டான். நான் எந்திரிச்சுப் போறதுக்குள்ள போயிடுவான். கோர்ட்காரன் மட்டும் எனக்காக நிப்பானா?"

"நீங்க?" என்று அக்காவைப் பார்த்தாள்.

"வந்திருந்தான்னா வாங்கி அவ கையில கொடுத்திருக்க மாட்டேனா? கூடப் பிறந்தவ மேடம். அந்த ஆள் எந்த வீட்டுல கொடுத்துத் தொலைச்சானோ."

"ஸ்கூட்டரை யார் யார் ஓட்டுவீங்க?"

"நான் ஓட்டுவேன். ஆனா அந்தப் பாலத்துப் பக்கம் எனக்கு வேலையே கிடையாது."

தன்னைக் கேட்கும்வரை கணவர் காத்திருக்கவில்லை. "மாடியில இருக்கானே, அவனைக் கேளுங்க மேடம். திருட்டுப் பய. எங்க பேப்பரை முதல்ல அவன்தான் படிப்பான். சாவி இங்க ஆணியிலதான் தொங்கும், அவன் எடுத்தாலும் யாருக்குத் தெரியும்?"

"அவர் கதை இருக்கட்டும். நீங்க சம்மனைப் பார்த்தீங்களா?"

"நானா? இங்க வந்து மணி அடிச்சிருந்துச்சுன்னா கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பேனே. எனக்கு சட்டம் தெரியாதா? மாடியில கொடுத்துட்டுப் போயிருக்கும்." மைத்துனியைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "அது பாவம் மேடம். மத்தியானத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடல, ரொம்பப் பயந்துடுச்சு."

ஊசி ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். அக்கா கொண்டுவந்தாள். நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"சம்மனை வாங்கினது நீங்கதான்" என்றாள்.

அவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். "என்ன ஆதாரம் மேடம்?"

"உங்க வாய்தான். என்ன சொன்னீங்க? மணி அடிச்சிருந்துச்சுன்னா."

"சம்மன் வந்திருந்துச்சுன்னா அப்படின்னு சொல்ல வந்தேன்."

"சம்மனுக்குக் கை கிடையாது, மணி அடிக்காது. கொண்டுவந்தவங்கதான் அடிக்கணும். ஆளைப் பத்தித்தான் பேசினீங்க." ஊசி டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்க மாமனார் எவன், கோர்ட்காரன்னாரு. உங்க மனைவி கொடுத்துத் தொலைச்சானோன்னாங்க. நேரில பார்க்காத யாருக்கும் கோர்ட்லேருந்து வரவன் ஒரு தடியனாத்தான் மனசுல நிப்பான். நீங்களும் மரியாதைக்காரர் இல்ல. மாடியில இருக்கறவர் உங்களுக்கு அவன், திருட்டுப் பய. ஆனா சம்மன் கொண்டுவந்த ஆளுக்கு மட்டும் அடிச்சிருந்துச்சு, போயிருக்கும். இந்த வீட்ல அப்படி இன்னொருத்தரைப் பத்தித்தான் பேசினீங்க. உங்க மைத்துனி. பயந்துடுச்சு."

தங்கை சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"உங்களைவிடச் சின்னப் பொண்ணுன்னா உங்க வாய்ல அது. சம்மன் கொண்டுவந்தது அப்பத்தான் வேலைக்குச் சேர்ந்த ஒரு சின்னப் பொண்ணு. நான் மத்தியானம் கோர்ட்ல பார்த்தேன். இவங்க யாருக்கும் சொல்லல. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அக்கா கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வரணும்னாலும் வரேன். உங்க முகம் அதுக்கு மறந்திருக்கலாம். மறந்துபோற முகம்தான். ஆனா வாசல்ல நிக்க வெச்சு, வண்டியை எப்படி நிறுத்தணும்னு பாடம் எடுத்தது மறக்காதுன்னு நினைக்கறேன். எடுத்தீங்கதானே?"

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் திரும்பவும் அதே இடத்தில் செருகினார்.

"அதுக்குப் பரீட்சை நேரம்" என்றார். "படிக்கற பொண்ணு மனசைக் கலைக்க வேணாம்னு..."

"பரீட்சை ரெண்டு வருஷமா நடந்துதா மாமா?" என்றாள் தங்கை. அன்று மதியத்திலிருந்து அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

"நீ சும்மா இரு. பெரியவங்க பேசிட்டிருக்கோம்."

"பெரியவங்க பேசினதைத்தான் கேட்டோமே" என்றாள் அக்கா. "வண்டியை ஓட்டினது யாரு? அதையும் சொல்லிடுங்க."

அவர் நான்தான் என்றார். மஞ்சளில்தான் தாண்டியதாகவும், சந்திப்பில் விளக்கை வைத்தவனுக்குத்தான் மூளை இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஊசிக்கு இன்னும் ஒரு கணக்கு உதைத்தது. ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு அரைநாள் லீவு போட்டு வந்து கட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் ஊர் முழுக்க. இந்த மனுஷன் நிற்கச் சொன்னபோதும் நிற்கவில்லை, சம்மன் வந்தபோதும் விழுங்கிவிட்டார்.

"கோர்ட்டுக்கு ஏன் போகல?"

"ஆபீஸ்ல லீவு கிடைக்கல."

"நாளைக்குக் கிடைக்கும். பத்து மணிக்கு வந்திருங்க."

"கண்டிப்பா நான் வரணுமா? எழுதிக் கொடுத்தா போதாதா?"

"வரலைன்னா இப்ப சொன்னதையெல்லாம் நான் சொல்றேன். நான் சொன்னா கொஞ்சம் அசிங்கமா இருக்கும்."

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். அக்காதான் காரை ஓட்டிவந்தாள். வழி நெடுக அவர் ஒரு தப்பும் கண்டுபிடிக்கவில்லையாம். அக்கா அதை ஊசியிடம் தனியாகச் சொன்னாள்.

வழக்கை அழைக்கப் பதினொன்றரை ஆயிற்று. தங்கை கூண்டருகே போய் நின்றாள். வாரண்டு இருப்பது நேற்றுத்தான் தெரிந்தது, தெரிந்த மறுநாளே தானாக வந்துவிட்டாள் என்று ஊசி மனுவை நீட்டினாள். மாஜிஸ்திரேட் மனுவைப் புரட்டினார். சம்மனை வாங்கியது யார் என்றார். கணவர் கை தூக்கினார், வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் மாதிரி. வாங்கியதையும் கொடுக்காததையும் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். மாஜிஸ்திரேட் அவரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு வாரண்டை ரத்து செய்தார்.

"வண்டியை ஓட்டினதும் இவரா?"

"ஆமாங்க" என்றாள் ஊசி. "கேஸை இவர் பேருக்கு மாத்திட்டு என் கட்சிக்காரரை விடுவிக்கணும்."

"மாத்தலாம். ஓட்டினவர் லைசென்ஸ் நம்பரைச் சொல்லுங்க."

கணவர் சட்டைப் பையைத் தடவினார்.

"கையில இல்லையா? மத்தியானம் கொண்டுவாங்க."

அவர் குனிந்து தன் காலணியைப் பார்த்தார். ஊசி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். உதைத்த கணக்கு அப்போது சரியாகிவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது.

"இந்தாங்க" என்றார் மாஜிஸ்திரேட். "நம்பர் இருந்தா நம்பரை எழுதுவேன். இல்லைன்னா இல்லைங்கறதை எழுதுவேன். ரெண்டும் சொல்லலைன்னா கேஸ் அந்தப் பொண்ணு பேர்லயே நிக்கும். எனக்கு அடுத்த கேஸ் இருக்கு."

தங்கை மாமாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கெஞ்சும் பார்வை இல்லை அது. ஒரு குழாயில் ரத்தம் உறைகிறதா என்று பார்ப்பவள் மாதிரி பார்த்தாள். பின்வரிசையில் அக்கா கார் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் உதடு அசைந்தது.

"சத்தமா" என்றார் மாஜிஸ்திரேட். "எழுதறவருக்குக் கேக்கணும்."

"எனக்கு லைசென்ஸ் கிடையாதுங்க. நாலு தடவை டெஸ்ட்ல ஃபெயில்."